மூழ்கும் தேதி

ஆவணி பதினெட்டோடு மூழ்கிவிடுமென்று
தேவகோட்டை சாத்தப்பன் ஃபைனான்சிலிருந்து நோட்டீஸ்.
மூழ்கட்டும் என்று
அதன் முதுகில் பால்கணக்கு எழுதினேன்.

ஐம்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கின சிந்தசைசர்.
கல்யாணமில்லாத மார்கழியில்
இருபத்தெட்டுக்கு வைத்தேன், ரெண்டு வட்டி.
இன்றைக்கு அதே மாடல், அதே இருபத்தேழு திருகு,
பிரிக்காத பெட்டியில்
பதினாறாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
எட்டு மாச வட்டியோடு மீட்கிற பணத்துக்குப்
புதுசாய் ரெண்டு வாங்கலாம்.
மிச்சம் எண்பத்திரண்டு ரூபாயில்
கோட்டையூருக்கு பஸ்ஸும் ஒரு டீயும்.

மூன்றாம் நாள் அவரே போன் செய்தார்.
"வட்டியை விட்டுத்தர்றேன், எடுத்துக்கிட்டுப் போங்க."
வட்டியை விடுகிற குரலை
அந்த ஊரில் நான் கேட்டதில்லை.
போனேன்.

தங்கம் ஏறுது, நிலம் ஏறுது,
துவரம்பருப்புகூட ஏறுது,
இது மட்டும் ஏம்மா இப்படி விழுது? என்றார்.
இரும்புப் பெட்டிக்கு மேல்
துண்டு போர்த்திக் கிடந்தது அது.

சொன்னேன்.
உள்ளே இருப்பது நாற்பது வருஷத்துச் சுற்று.
கண்டுபிடித்தவனின் உரிமை எப்போதோ காலாவதி;
யாரும் போடலாம், போடுகிறார்கள்.
முன்பு பலகை நிறைய ஆட்கள் ஈயம் வைத்தது
இப்போது குருணை அளவு.
கோழி மாதிரி எந்திரம் கொத்திக் கொத்தி வைக்கிறது
ராவும் பகலும்.
ஒரு கம்பெனி பாதி விலைக்கு இறக்கினால்
அடுத்தவன் அந்தப் பாதியில் பாதி.
ஊரடங்கில் வீட்டுக்குள் உட்கார்ந்து
எல்லாரும் இசையமைப்பாளராகிவிட வாங்கினார்கள்,
கதவு திறந்ததும் எல்லாரும் விற்கிறார்கள்.
கிட்டங்கி கிட்டங்கியாய்ப் பெட்டி.

கிட்டங்கி என்றதும் புரிந்துவிட்டது அவருக்கு.
"அப்ப சரக்கு தேங்கிருச்சு."
தேங்கிய சரக்கின் மேல் கடன் கொடுத்த கதை
அவர் வீட்டுப் பேரேடுகளில் இருக்கும்போல.
மேலே கேட்கவில்லை.
துண்டை எடுத்தார்.

இந்த மெஷினுக்கு ஞாபகம் கிடையாது.
சத்தத்தைச் சேமிக்கப் பொத்தான் இல்லை;
திருகுகள் நிற்கிற கோணம்தான் சத்தம்.
யார் கை பட்டாலும் போச்சு.

படவில்லை.
"அடகுப் பொருள்ல நாங்க கை வைக்கிறதில்லை."

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில்
புதுவயல் மண்டபத்தில் கரண்டு போகும் முன் கிடைத்தது,
தகரத்தில் ஈயக்குண்டு உருளுகிற மாதிரி ஒன்று,
எட்டு மாசமாய் அப்படியே
திருகிடுக்குத் தூசியோடு.

செல்போனை எடுத்து
மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் நாலு படம்.
"மீட்கலையா?"
"பார்க்கிறேன்."
வைக்க வந்த அன்று என் முகம் எப்படி இருந்ததோ
அப்படி இருந்தது அவர் முகம்.

புதுசு வந்தது.
படத்தைப் பார்த்து இருபத்தேழையும் திருப்பினேன்.
உருளுகிறது.
ஈயம் இல்லை. கனம் குறைந்த ஏதோ,
புளியங்கொட்டை என்று வையுங்கள்.
வெக்கையாக இருக்கலாம், சூட்டில் சுருதி நகரும்.
அஞ்சு சதவீதம் முன்னே பின்னே இருக்கிற
மலிவு ரெசிஸ்டராகவும் இருக்கலாம்.
ஃபேனைப் போட்டு, நிறுத்தி, போட்டு,
ராத்திரி ரெண்டு மணி வரை.

ஈயத்துக்கும் புளியங்கொட்டைக்கும் நடுவே
எத்தனை ஆயிரம் தாங்கும்?
பால்கணக்குக்குக் கீழே எழுதிப் பார்த்தேன்,
அடித்தேன், எழுதினேன்.

காலையில் போன் செய்து
"மூழ்கிருச்சா?" என்றேன்.
"நாளைக்குத்தானே பதினெட்டு" என்றார்
அவசரமே இல்லாமல்.
குரலுக்கு ரெண்டு வட்டி
திரும்ப வந்திருந்தது.