தோட்ட வேலைக்குக் கடப்பாரை ஒன்று

கோட்டையை இடித்த கல்லில் எழுந்த கோயில் என்பார்கள்.
பாளையங்கோட்டையில் பாதி வீட்டுக்கு
அஸ்திவாரம் அந்தக் கல்தான்.
கல்லைப் பற்றிச் சொல்ல நான் யார்?
பதினெட்டு வருஷமாய் இங்கே கணக்கு எழுதுகிறேன்.
தெரிந்ததெல்லாம் வரவும் செலவும்.

கொல்லம் ஆயிரத்துப் பன்னிரண்டு, ஆவணி:
சுண்ணாம்பு நாற்பது வண்டி,
கடுக்காய் மூன்று மூட்டை, கருப்பட்டி ஆறு சிப்பம்.
அதனால்தானோ என்னவோ
சித்திரை வெயிலில் வடக்குச் சுவரில்
இன்றைக்கும் எறும்பு ஏறுகிறது.

அதே ஏட்டில் நாலு பக்கம் தள்ளி
“உள்ளே இடுப்பளவு குறுக்குச்சுவர்.
கொத்தன் கூலி ரூபாய் நாலு, அணா இரண்டு.”
முன்னால் யார், பின்னால் யார் என்று எழுதவில்லை.
எழுதித்தான் தெரிய வேண்டும் என்று
அன்றைக்கு யாருக்கும் இருந்திருக்காது.
ஒரே அப்பம், ஒரே பாத்திரம்.
பாத்திரம் சுவரைத் தாண்ட மட்டும்
கொஞ்சம் நேரமாகும்.

தாது வருஷத்தில் எழுத்து கோணுகிறது.
“கம்பு இரண்டு கோட்டை.
கஞ்சி குடித்தோர் எண்ணூற்று ஏழு.”
மறுநாள், “எழுநூற்றுத் தொண்ணூறு.”
குறைந்த பதினேழு பேர் ஊர் திரும்பினார்களா என்று
அடக்க ஏட்டைப் புரட்டிப் பார்க்க
எனக்கு இதுவரை கை வரவில்லை.
அந்தக் கஞ்சி கொதித்த கொப்பரையில்தான்
இப்போது அசனத்துச் சாம்பார் கொதிக்கிறது.
ஈயம் பூசிய கூலி
போன மாசச் செலவில் இருக்கிறது.

சுவரை இடித்த கூலி மட்டும் எங்கேயும் இல்லை.
ஏடு ஏடாய்த் தேடினேன்.
கமிட்டித் தீர்மானம் இல்லை, ஐயர் கடிதம் இல்லை.
அகப்பட்டது ஒரே வரி:
“கடப்பாரை ஒன்று, தோட்ட வேலைக்கு.
ரூபாய் ஒன்றேகால். சு. அருமைநாயகம், கணக்கு.”

நமக்கு ஏது தோட்டம்?
மணிக்கூண்டோரம் ஒரு வேம்பு,
அதுவும் தானாய் முளைத்தது.

அடுத்த ஞாயிறு காணிக்கை பாதியாய் விழுந்திருக்கிறது.
அதற்கடுத்த மாசம்
கணக்கில் கையெழுத்து வேறு.

சுவர் நின்ற இடம் இன்னும் தெரியும்.
கோயில்குட்டி செல்லத்துரை தரை துடைத்தால்
ஒரு கோட்டில் மட்டும் தண்ணீர் தேங்கும்.
“என்ன தேச்சாலும் போவ மாட்டேங்கு” என்பான்.

பிறகு அந்த மார்கழி.
கிறிஸ்மஸுக்கு ஏழெட்டு நாள்.
ஆறு பாலத்தை முட்டிக்கொண்டு ஓட,
சிந்துபூந்துறையும் மீனாட்சிபுரமும்
நனைந்த பாயோடு உள்ளே வந்துவிட்டன.
பெஞ்சுகளை ஓரம் தள்ளினோம்.
திருநீறு அழிந்த நெற்றிகள்,
கூண்டோடு ஒரு கிளி,
ரேஷன் கார்டை ரவிக்கைக்குள் வைத்தவர்கள்.
மேலப்பாளையத்துப் பையன்கள்
முழங்கால் தண்ணீரில் ரொட்டி சுமந்து வந்தார்கள்.
தேங்கிய கோட்டின் மேல்
யாரோ அடுப்பு மூட்டினார்கள்.
சண்டையும் நடந்தது, ஒரு போர்வைக்கு.

விடியப்போகும் நேரம் பேச்சித்தாய்க்கு வலி கண்டது.
பாடகர் வரிசைக்குப் பின்னால் மறைப்புக் கட்டி,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி கேட்டாள்:
“எக்கா, நனையாத துணி ஏதும் கெடக்கா?”

எல்லாம் நனைந்திருந்தது.
ஐயர் வண்ணார்பேட்டையில் அகப்பட்டிருந்தார்,
போன் எடுக்கவில்லை.
பீரோச் சாவி என் இடுப்பில்.
உள்ளே மடிப்புக் கலையாமல்
இடையன்குடி லேஸ் வைத்த
கிறிஸ்மஸ் பீடத் துணி.

பெண் குழந்தை.
தலை நிறைய முடி.

ஜனவரியில் தணிக்கை.
இருப்புப் பட்டியலில் நான் எழுதினேன்:
“பீடத் துணி ஒன்று. கறையான் அரித்தது. நீக்கப்பட்டது.”

தணிக்கைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார்,
“அது இரும்பு பீரோல்லா?”

“ஆமா” என்றேன்.