மற்றவை, குறிப்பிடவும்

நூற்றைம்பது படிவங்கள் வந்திறங்கின.
கூடவே சுற்றறிக்கை:
வெள்ளிக்கிழமைக்குள்.

குகைக் கிளை நூலகத்துக்கு அன்றாடம் வருவது
ஐம்பது பேர் இருந்தால் அதிகம்.
முதல் கேள்வி, எதற்காக வருகிறீர்கள்?
அ. அறிவு பெற
ஆ. போட்டித் தேர்வு
இ. பொழுதுபோக்கு
ஈ. மற்றவை, குறிப்பிடவும்.

அறிவு பெற ஒருவர் டிக் அடித்து
பிறகு அழித்திருந்தார்.

ஈ-க்கு எதிரே இருந்தது அரை விரல் கோடு.
அது போதாமல் ஓரத்தில் ஏறி
பின்பக்கம் திரும்பியும் எழுதியிருந்தார்கள்.
மின்விசிறி.
வீட்டில் தறி ஓடுது, இங்கே ஓடல.
மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்வரை.
கடன் கொடுத்தவர் இங்கே தேட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வினாடி வினா.
ஏற்காடு மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு?
'பதினேழு' என்றான் லாரி கிளீனர் மகன் தமீம்.
'அதுக்கு மேல வாந்தி வந்துடும் மிஸ்
எண்ணுனதில்ல.'
அரை மதிப்பெண் போட்டேன்.
நடுவர் தீர்ப்பே இறுதியானது.

பெரியவர்களுக்கு வாக்கெடுப்பு.
இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கூடை புளியங்கொட்டை.
இரவு எட்டுவரை திறக்கலாமா
காலை ஆறுக்கே திறக்கலாமா?
போட்டவர்கள் அறுபத்தொரு பேர், கையெழுத்து இருக்கிறது.
எண்ணினால் எண்பத்து மூன்று.
மறுபடி எண்ணினேன். எண்பத்து மூன்று.

பேப்பருக்குப் பின்னாலிருந்து சௌண்டப்பன்
தொண்டையைச் செருமினார்.
'எங்க பட்டறையில நைட் ஷிஃப்ட்டு இருபத்திரெண்டு பேருங்க.
வேலை விட்டு வர்றப்ப நீங்க பூட்டியிருக்கீங்க.
அவங்களதையும் நானே கொண்டாந்து போட்டேன்.
வீட்டுக் கொட்டைதாங்க
உங்க கூடையில கை வைக்கல.'

செல்லாத வாக்குக்குக் கட்டம் இருந்தது
வராதவர் வாக்குக்கு இல்லை.
அறுபத்தொன்று என்று எழுதி அனுப்பினேன்.
இருபத்திரண்டையும் தனியே மடித்து
பேனா டப்பாவில் வைத்தேன்.
எந்த இருபத்திரண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்,
கொட்டைக்கு முகமா இருக்கிறது.

சனிக்கிழமை ஆறு மணி.
பூட்டைத் திறக்கக் கூடாதென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.
நான்கு பேர் வந்தார்கள், தலைமுடியில் பஞ்சு.
ஒருவர் ராசிபலன் படித்தார்.
ஒருவர் அட்லஸை விரித்து
எதையோ விரலால் தேடிக்கொண்டே இருந்தார்.
மற்ற இருவரும் மேசையில் தலை வைத்து
உடனே தூங்கிப்போனார்கள்.

விசிறியை இரண்டில் வைத்தேன்.
வருகைப் பதிவேட்டில்
நோக்கம் என்ற இடத்தில்
நால்வருக்கும்
ஈ.