நிரல் ஒன்பது

சட்டம் பங்குனியில் நிறைவேறியது.
நாவலடிமுனைக்கு அது ஆவணியில் வந்தது,
வெருகல் பஸ்ஸில், ஒரு கடதாசிப் பெட்டிக்குள்:
முந்நூறு அட்டை, ஒரு முத்திரை.
மைத்தட்டு வரவில்லை.

சட்டத்தில் பிழை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
தமிழ்ப் பிரதி கிடைத்த அன்று இரவிரவாக வாசித்தேன்.
எந்தப் பிரசையும் திருப்பி அனுப்பப்படலாகாது
என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றேன்.
கொழும்பில் யாரோ ஒருவர்
மனதறிந்துதான் எழுதியிருக்கிறார்.

முன்பென்றால் வருத்தம் வந்தவர் பஸ் ஏறுவார்,
பெரியாஸ்பத்திரியில் இறங்குவார்.
இப்போது இங்கே பதிய வேண்டும்.
இங்கே டொக்டர் எழுதித் தந்தால் மூதூர்,
மூதூர் எழுதித் தந்தால் திருகோணமலை.
டொக்டரின் நியமனம் பரிசீலனையில் இருக்கிறது.
கதிரை வந்துவிட்டது.
பொலித்தீனை நான் கழற்றவில்லை,
கழற்றினால் பாரமெடுத்ததாகிவிடும்.
இன்சுலினுக்கென்று குளிர்ப்பெட்டியும் தந்தார்கள்.
அதில் என் மோர்ப் போத்தல் இருக்கிறது.

மாதக் கடைசியில் படிவம்.
நிரல் ஒன்பது: சேவை வழங்கப்படாமைக்கான காரணம்.
அ, வரவில்லை.
ஆ, பிந்தி வந்தார்.
இ, அட்டை இல்லை.
ஈ என்று ஒன்றை நானே பென்சிலால் போட்டேன்,
மருந்து இல்லை.
உட்துறைமுக வீதியிலிருந்து படிவம் திரும்பி வந்தது:
படிவங்களில் மாற்றம் செய்தல் ஆகாது.
அவர்களிடம் அழிறப்பர் இருந்தது.

மணல் ஏற்றும் பரஞ்சோதி
மூன்று செவ்வாய் வந்தார்.
வலது பாதத்தில் சாரத் துண்டு சுற்றியிருந்தது,
ஈயை ஓட்ட ஒரு பூவரசங் கொப்பு.
"வெள்ளனயே வந்திட்டன் தங்கச்சி,
முதலாம் நம்பர் என்ர."
முதலாம் நம்பர்தான்.
ஒரு மணி வரை எனக்கு நேரே இருந்தார்,
நான் அவரைப் பார்த்துப் பார்த்து
அ என்று எழுதினேன்.
மூன்று முறை.

புரட்டாதியில் நகர மண்டபத்தில் கூட்டம்.
மாவட்டப் படத்தில் எங்கள் ஊர் பச்சை.
தொண்ணூற்றெட்டு வீதம் என்றார் வந்தவர்.
கையைத் தட்டினேன், பொய் சொல்லக் கூடாது.
சோற்றுப் பார்சலில் மீன் பொரியலும் இருந்தது.
வெளியே வாசலில் புள்ளிமான்கள்,
அவை இந்த நகரத்தில் யாருடைய அனுமதியும் கேட்பதில்லை.
ஒன்று எங்கள் நிகழ்ச்சி நிரலை
மெல்ல மென்று விழுங்கியது.
அச்சிட்டதில் அன்றைக்கு
ஒரு வயிற்றுக்காவது போய்ச் சேர்ந்தது.

அந்தக் கிழமைதான்
கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து
யாரோ ஒருவரின் வள்ளத்தில்
பரஞ்சோதியைக் கொண்டுபோனார்கள்.
துண்டு இல்லை, சிபாரிசு இல்லை, காய்ச்சல் மட்டும்.
ஏற்றுக்கொண்டார்கள், அதற்குள் பாதம்
ஏற்றுக்கொள்ளும் நிலையைத் தாண்டிவிட்டது.
பதிவில் இப்படி இருக்கிறது:
நடைமுறையைப் பின்பற்றாது வந்தவர்.

மனைவி யூடித் நேற்று வந்தாள்,
கையில் அவருடைய அட்டை. மழையில் ஊறி
படத்தில் ஒரு கண்ணும் மூக்கும்தான் மிச்சம்.
"புதுசு தருவீங்களோ?
இல்லாட்டி அட்டையில்லையெண்டு
போட்டிடுவீங்களாமே."
அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பழைய படிவங்களைக் கீழே எடுத்தேன்.
ஆவணி, மூன்று செவ்வாய்.
நிரலுக்கு வெளியே, கோட்டுக்கு அப்பால்,
அழிறப்பர் எடுபடாத நீலப் பேனையால்
வந்தார்.
வந்தார்.
மூன்றாவதை எழுதும்போது
வெளியில் யாரோ இருமினார்கள்.
இலக்கம் ஒன்று.