இடக்கை

நர்ஸ் நோராஷிகின் முதல் நாளே சொல்லிவிட்டாள்:
இந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள்,
பை தூக்காதீர்கள், தலைக்கு மடக்கிப் படுக்காதீர்கள்,
ஜாம் கட்டாதீர்கள்.
மலாயில் கடிகாரத்துக்கும் மணிக்கும் அந்த ஒரே சொல்.
இனி உனக்கு நேரம் கிடையாது என்றே
என் காதில் விழுந்தது.

ஆறு இருக்கிறது என்னிடம்.
ஏழாவதை, இரண்டு லோரிக்குக் கியர்பாக்ஸ் போன வருஷம்
கோலாலம்பூர் லோவிடமே திருப்பி விற்றேன்.
மில் எடைப்பாலத்தில்
செம்பனைக் குலையை டன் டன்னாக நிறுத்துப் பிழைத்தவனுக்கு
கிராமில் ஓர் ஆசை வந்தது, அவ்வளவுதான்.
கோமளவல்லி கேட்டாள்:
"தங்கம்தான்னா சங்கிலியா வாங்கக்கூடாதா?
ஆறும் ஒரே மணியத்தானே காட்டுது?"
காட்டவில்லை. அதுதான் விஷயம்.
ஒன்று நாளுக்கு நான்கு விநாடி முந்தும்,
ஒன்று மல்லாத்தி வைத்தால் பிந்தும்.
ஞாயிறு காலை பனியனோடு உட்கார்ந்து
ஒவ்வொன்றுக்கும் முப்பது சுற்று சாவி கொடுப்பேன்,
கட்டைவிரல் தோலில் திருகின் பல் பதியும் வரை.

பிளாட்டினத்தை மட்டும் வெளியே கட்டுவேன்.
பார்த்தால் எவர்சில்வர்.
ரொட்டிச் சானாய்க் கடையில் எதிரே இருந்தவன்
"சைனா சாமானா? எவ்ளோ?" என்றான்.
"தொண்ணூறு."
ஆயிரத்தைத் தே தாரிக்கோடு விழுங்கிவிட்டேன்.

வலக்கையில் கட்டிப் பார்த்தேன்.
திருகு முழங்கைப் பக்கம் திரும்பி நின்றது,
பந்தியில் கோபித்துக்கொண்ட மாமனைப் போல.
கழற்றி வைத்துவிட்டேன்.

இடக்கை சும்மா இல்லை.
இரண்டு ரத்தக்குழாயை ஒன்றாகத் தைத்த இடத்தில்
தோலுக்கடியில் ஓர் இரைச்சல்;
ராத்திரி காதருகே கொண்டுவந்தால்
தூரத்தில் மில் ஓடுகிற மாதிரி.
டிக்டிக் இல்லை.
விநாடி பிரிக்காத ஓட்டம்.

திங்கள், புதன், வெள்ளி. நான்கு மணி நேரம்.
பகாவில் எவனுக்கும் இந்த ஒரே சென்டர்தான்.
சுவரில் உரக் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கடிகாரம்.
பதினொரு படுக்கையும் அதையே பார்க்கும்,
பக்கத்துப் படுக்கை அஞ்சப்பனைத் தவிர.
என் லோரிக்குக் குலை ஏற்றினவன்.
சீனி கண்ணைத் தின்றுவிட்டது.
"மொதலாளி, மணி என்ன?"
ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை.

ஒரு வெள்ளிக்கிழமை சட்டைப் பையில்
ரோஸ் தங்கத்தை எடுத்துப் போனேன்.
பக்கவாட்டுத் தண்டைத் தள்ளினால் அடித்துச் சொல்லும்:
மணிக்குத் தாழ்ந்த ஒலி, காலுக்கு இரட்டை,
நிமிஷத்துக்கு மெல்லிசு.
விளக்கு இல்லாத காலத்தில்
இருட்டுக்கென்று கண்டுபிடித்த வித்தை.
வாங்கி ஒன்பது வருஷம்.
இருட்டில் நான் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

ஊசி ஏறாத அவன் கையில் வைத்தேன்.
டங், டங், டங்.
டிங்டங், டிங்டங்.
பிறகு ஏழு டிங்.
விரல்களை மூடிக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து:
"மூணு முப்பத்தேழா? ஸ்லோ மொதலாளி.
ஸ்கூல் பஸ் போயிருச்சு,
அது நாப்பதுக்குத்தான் போவும்."
சுவரைப் பார்த்தேன். மூன்று நாற்பத்தொன்று.

"எவ்ளோ குடுத்தீங்க?"
"இருநூத்திப் பத்து."
இந்த முறை ஆயிரத்தை வெறும் வாயோடு விழுங்கினேன்;
தண்ணீரே நாளுக்கு அரை லிட்டர்தான் எனக்கு.

"ஏமாந்துட்டீங்க," என்றான்.
"பசார் மாலத்துல அறுபதுக்கு
வாயாலயே மணி சொல்றது கெடைக்கும்.
சரி,
இன்னொரு தரம் அடிங்க."