முதல் கச்சேரிக்கு வந்தவர்கள்

அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
'ருவோஸ்தே' குழு முதன்முதலில் மேடையேறி
ஐம்பது வருடமாகிறதாம்.
நேரில் பார்த்தவர்கள் எழுதித் தரலாம்,
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.

ருவோஸ்தே என்றால் துரு.
பெயரைத் தந்தது வேய்யோவின் வேன்.
கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் கதவு
கையோடு வந்துவிடும்.

எழுதுகிறேன்.

தம்பெரே. எழுபத்து நாலு, நவம்பர்.
நாலு மணிக்குள் இருட்டிவிட்ட ஒரு வியாழன்.
லாரி ஓட்டுநர் சங்கக் கூடத்தின் பின்னறை.
பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர்.
அதில் இருவர் சவுனா சூடாவதற்காகக் காத்திருந்தவர்கள்,
தோளில் துண்டோடு.
ஒருவர் காவலாளி;
எப்போது முடிப்பீர்கள் என்று கேட்கவே வந்தார்,
கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தைஸ்தோ மைக்கில் உதடு வைத்ததும்
ஷாக் அடித்தது.
பிற்பாடு எல்லா ஊரிலும்
காசு கொடுத்துக் கேட்டார்களே,
முதல் பாட்டின் அந்த முதல் அலறல்,
அது அங்கே பிறந்ததுதான்.
ஒரு தலைமுறையின் கோபம் என்று
பத்திரிகையில் எழுதினார்கள்.
எர்த் சரியில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது பாட்டில் ஃப்யூஸ் போயிற்று.
கிதார் செத்தது, குரல் செத்தது.
ஆஹ்தி மட்டும் நிறுத்தவில்லை.
கும்மிருட்டில் டிரம்ஸ்,
பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து
யாரோ கதவைத் தட்டுவதுபோல.
துண்டுக்காரர்கள் சவுனாவை மறந்தார்கள்.

சம்பளம்:
அரை மூட்டை உருளைக்கிழங்கு.

மற்றதெல்லாம் உங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும்.
ஸ்டாக்ஹோம் கப்பலில் வாசித்த பதினேழு இரவுகள்;
அலை சாய்க்கும்போதெல்லாம்
ஆம்ப்ளிஃபயர் நழுவாமல்
இடது காலை முன்னே நீட்டி
முட்டுக் கொடுத்தபடி வாசித்தான் ஓய்வா.
கரைக்கு வந்தும் கால் திரும்பவில்லை.
ஹாம்பர்க் பையன்கள் கண்ணாடி முன்னால்
அதே மாதிரி நின்று பழகினார்கள்,
கடலே இல்லாமல்.

பிறகு தங்கத் தட்டு.
பிறகு ஹெல்சின்கி மைதானம், மழை,
நாற்பதாயிரம் பேர், நாற்பதாயிரம் பிளாஸ்டிக் கோட்டு.
வேய்யோவை அதில் தேடாதீர்கள்.
எண்பத்தொன்றிலேயே ஒரு பெட்ரோல் பங்கில்
சிகரெட் வாங்கி வருகிறேன் என்று இறங்கியவன்.
முக்கால் மணி நேரம் ஹாரன் அடித்தார்களாம்.
சிகரெட் பெட்டி டாஷ்போர்டிலேயே இருந்ததை
ஆஹ்திதான் முதலில் பார்த்தான்.

ஒரு விஷயம்.
அந்தப் பின்னறையில் நாற்காலிகளே பதினொன்று.
என் பல் மருத்துவர் அங்கே இருந்தாராம்.
தபால்காரரின் மைத்துனர் இருந்தாராம்.
எழுபத்தாறில் பிறந்த ஒருவன்கூட
அந்த இருட்டைப் பற்றி
கண்கலங்கிச் சொன்னான் என்னிடம்.
நான் யாரையும் மறுப்பதில்லை.

மறுக்க எனக்கு வாயில்லை.
அன்றைக்கு நூற்பாலையில் எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.
பஞ்சுத் தூசும் தறிச் சத்தமும்தான் நான் கேட்டது.
அங்கே போனது
என் எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும்.

மறுநாள் காலை அதைச் சுருட்டி
தோளில் மாட்டிக்கொண்டு வந்தான் ஓய்வா.
ரப்பர் கருகிய வாடை.
உருளைக்கிழங்கு கொதிக்கக் கொதிக்க
ஒவ்வொன்றாகச் சொன்னான்:
துண்டு, காவலாளி, ஃப்யூஸ்.
கரண்டிகளை எடுத்து மேஜையில்
ஆஹ்தி அடித்ததை அடித்துக் காட்டினான்.
அலறியும் காட்டினான்.
மேல்வீட்டு ஹில்யா
துடைப்பக் கட்டையால் தரையை இடித்தாள்,
அவளுக்கும் தாளம் தப்பவில்லை.

இதை இரண்டாம் கச்சேரி என்று வேண்டுமானால்
குறித்துக்கொள்ளுங்கள்.
பார்க்க வந்தவர்: ஒருவர்.
நின்றுகொண்டே,
கோட்டுகூடக் கழற்றாமல்.

ஒயரை மட்டும் கேட்காதீர்கள்.
கருகிய இடத்தில் டேப் சுற்றியிருக்கிறேன்.
இஸ்திரிப் பெட்டிக்கு
இன்னமும் அதுதான்.

ராய்லி