இருபது புள்ளி ஒன்பது

டாங்கின் வாயில் உட்கார்ந்திருப்பது என் வேலை.
ஆள் இறங்குமுன் மீட்டர் காட்டவேண்டிய எண்
இருபது புள்ளி ஒன்பது.
பச்சை எரிந்தால் கையெழுத்துப் போடுவேன்.
பீம் பகதூர் இறங்குவான், பின்னால் சவரிநாயகம்.
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம்
பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
பதில் வந்தால் இருக்கிறார்கள்.

ஜுபைலில் எட்டாவது கோடையில்
குரல் கம்மியது.
புழுதி என்றான் போர்மேன்.
ஆஸ்துமா என்று கிளினிக்கில் நீலக் குப்பி தந்தார்கள்.
மூன்று வருஷம் உறிஞ்சினேன்.
படுத்தால் நெஞ்சுக்குள் விசில்.
மேல்கட்டில் இத்ரீஸ்
"ரயில் வந்துட்டுது" என்று புரண்டு படுப்பான்.

இக்காமா புதுப்பிக்க எக்ஸ்ரே எடுத்தார்கள்.
நிழல் தெரிகிறதாம்.
நிழல் என்றால் டிபி.
டிபி என்றால் டிக்கெட், ஒருவழி.
அன்றிரவே என் கட்டிலுக்கு ஆள் பேசி முடித்தாயிற்று.
இத்ரீஸ் என் டம்ளரைத் தனியே வைத்தான்,
தெரியாமல் வைத்ததுபோல.

தம்மாமில் தொண்டை வழியே குழாய் விட்டு
ஒரு கிள்ளு எடுத்தார்கள்.
சூடானி டாக்டர், உடைந்த இந்தியில்:
டிபி இல்லை. யாருக்கும் ஒட்டாது.
ஏதோ புரதம், மடிப்புப் பிசகி,
கரைய மாட்டாமல்
மூச்சுக்குழல் சுவரில் மெழுகாய்ப் படிகிறது.
பேரை எழுதித் தரச் சொன்னேன்.
அமிலாய்டோசிஸ்.
நாக்கில் நிற்கவில்லை.

ஆனால் புரிந்தது.
எட்டங்குலக் குழாய்
செதிள் ஏறி மூன்றங்குலம் ஆவதைக்
கைவிட்டுத் தடவிப் பார்த்தவன் நான்.
ஷட்டவுன் எடுப்போம், ஜெட் அடிப்போம்.
"எனக்கு எப்போ ஷட்டவுன்?"
சிரித்தார்.
லேசரில் சுரண்டலாம்.
மறுபடி படியவும் படியும்.

திரையில் காட்டினார், சாயம் ஏற்றிய என் சதையை.
செக்கச் சிவப்பு.
எதையோ திருகினார்.
அங்கங்கே பச்சை, பச்சை ஆப்பிள் மாதிரி.
இதுதான் அது என்றார்.
பதினொரு வருஷமாய்
அந்த நிறத்தை நம்பித்தான்
ஆட்களை உள்ளே இறக்கியிருக்கிறேன்.

டம்ளர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.
இத்ரீஸ் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும்தான்.

சுரண்டியும் குரல் திரும்பவில்லை.
இப்போது ஸ்பேனரால் டாங்கின் விளிம்பில்
ஒரு தட்டு.
கீழிருந்து இரண்டு தட்டு வந்தால்
இருக்கிறார்கள்.

நேற்று பதில் தட்டிய பிறகும்
தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
பதறி, தலையை உள்ளே விட்டேன்.
இருட்டுக்குள்ளிருந்து சவரிநாயகம்:
"மணி பத்து நிமிஷம் தாண்டிடுச்சு.
நீங்க இருக்கீங்களாண்ணே?"

ஸ்பேனரைத் தேடினேன்.