ஐந்தாவது ஆணி

குன்னூர் ஆயர் இல்லத்து நடைச் சுவர்
ஆடியில் வியர்க்கும், ஐப்பசியில் அழும்.
அதில் ஆணி அடிக்கத் தெரிந்தவன்
மறைமாவட்டத்திலேயே நான் ஒருவன் என்று
அமலோற்பவம் சிஸ்டர் சொல்லுவார்,
கூலியைக் குறைப்பதற்கு முன்.

முதல் படம் எமில் ஹாஸ்லர்.
அடியில் 'மேற்றிராணியார்' என்று எழுதியிருக்கும்.
அவர் பிறந்த ஆற்றங்கரையில் ஒருகாலம்
ஆயர்களே அரசர்களாம்.
காசு அடித்தார்களாம், சுங்கம் வாங்கினார்களாம்,
கோட்டை மேல் பீரங்கியை நிறுத்திவிட்டு
பூசை வைத்தார்களாம்.
இவருடைய சின்னத்திலும்
செங்கோலுக்குப் பக்கத்தில் ஒரு வாள்.
அதை வைத்து இங்கே எதை வெட்டினார்?
காட்டேரி இறக்கத்தில் கால் அட்டையை உதிர்க்க
உப்புத்தான் வைத்திருந்தார், ஒரு துணி முடிச்சில்.

இரண்டாமவர் கிளமென்ட் பொரே.
ஏழே மாதம்.
கண்ணாடிக்குள் பூஞ்சணம் ஏறி
உயிரோடிருந்தபோது இருந்ததைவிட
இப்போது பெரிய தாடி.

மூன்றில்தான் எழுத்து மாறியது: 'ஆயர்'.
ஞானாதிக்கம் ஆண்டகை.
தேயிலை ஃபேக்டரி வாசலில்
பஞ்சப்படி கேட்டு உட்கார்ந்தவர்களோடு
இரண்டு நாள் உட்கார்ந்தவர்.
"ஆயர் என்றால் மாடு மேய்ப்பவர்தானே?"
எஸ்டேட் துரை சிரித்தாராம்.
"ஆமாம், உங்கள் வேலிக்குள் மாட்டிக்கொண்டது,
ஓட்டிக்கொண்டு போக வந்தேன்" என்றாராம்.
நடந்ததோ இல்லையோ,
லைன் வீடுகளில் இன்னும் நடக்கிறது.

நான்கு, கஸ்பார் மோத்தா.
தூத்துக்குடிக்காரர்.
பனிமய மாதா தேரை இழுத்து வளர்ந்தவர்
பனியைப் பார்த்தது இங்கேதான்.
முதல் விடியலில் வெளுத்த புல்லைத் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
"உப்பில்லையே."
பதினெட்டு வருடம், இரண்டு ஸ்வெட்டர்.

அவரை அடக்கிய மறுநாள்
சந்தியாகு சாமி பூசையில்
திருத்தந்தை பெயரைச் சொல்லி
"எங்கள் ஆயர்" என்ற இடத்துக்கு வந்ததும்
வாய் தன்னால் "கஸ்" வரை போய் நின்றது.
பிறகு அந்த இடத்தைத் தாண்டப் பழகினார்.
பதினான்கு மாதம்.
பேராலயத்து இருக்கைக்கு
வெள்ளைத் துணி போர்த்தி வைத்தோம்.
மூடுபனி பக்கக் கதவால் வந்து
அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும்.
நிர்வாகி இருந்தார், கையெழுத்து இருந்தது,
சம்பளம் வந்தது, கூரை ஒழுகியது.
அடுத்தவர் எந்தச் சாதி என்று
பேக்கரியில் பந்தயம் நடந்தது.
நானும் ஐம்பது கட்டினேன்.
தோற்றேன்.

நடுப்பகல் மணியை நிறுத்தாமல் அடித்து
ரோமாபுரிக் கடிதத்தை வாசித்தார்கள்:
சூசை அடைக்கலம்.

இன்று காலை ஐந்தாவது ஆணி.
சிஸ்டர் டேப்பை இழுத்துப் பிடித்தார்.
"இடைவெளி எல்லாம் ஒரே அளவாய் இருக்கட்டும்."
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்
நான் ஒரு சாண் கூட விட்டேன்.
"பிசகுதே?"
"சுவர் அங்கே இளகல், சிஸ்டர்."
பொய். அந்த நடையிலேயே
கெட்டியான சுவர் அதுதான்.

பெட்டியோடு படியேறி வந்தவர்
தன் முகத்தைத் தானே
அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.
"கோணலாக இருக்கிறதோ?"
"படமா, ஆண்டகை?"
பதில் சொல்லவில்லை. பெட்டியைக் கைமாற்றிக்கொண்டார்.

மாலை அவரே பூசை வைத்தார்.
பெயர் வரவேண்டிய இடத்தில்
முறைப்படி பெயர் சொல்லவில்லை.
"தகுதியற்ற உம் ஊழியனாகிய
என்னையும்" என்றார், சளி கட்டிய குரலில்.
பக்கத்தில் நின்ற சந்தியாகு சாமி
பழக்கத்தில் ஒரு வரி முன்னால் போய்விட்டு
திரும்பி வந்தார்.

ஐந்துக்கு அப்பால் ஃப்யூஸ் பெட்டி.
அதை ஒருநாள் நகர்த்த வேண்டிவரும்;
சிஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை.
கூலிச் சீட்டில்
'ஆணி, இரண்டு' என்று எழுதிக் கொடுத்தேன்.
இன்னொன்று எங்கே என்று கேட்டால்
வளைந்துவிட்டது என்பேன்.